பேஸுக்கு விடாத சுற்று

இது கதை இல்லை. கதை கட்டுகிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது, வேண்டுமானால் என் அம்மாவைக் கேளுங்கள். போன ஜூலையில், புனேயில், எனக்கே நடந்தது.

நான் வைஷு. வானவடியில் வீடு. கலைக் கல்லூரியில் ஜாஸ் பியானோ படிக்கிறேன். மறுநாள் மேடைத் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் பி.காம்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, என்னோடு பேஸ் வாசிக்க வேண்டிய ஹரீஷ் ஃபோன் செய்தான்.

"வைஷு, போபோடி சிக்னல்கிட்ட வண்டி ஸ்லிப் ஆயிடுச்சு. கையில மாவுக்கட்டு."

"டேய், நாளைக்கு எக்ஸாம்டா!"

"தனியா வாசிச்சிரு. சாரி."

என்னத்தைச் சாரி! பேஸ் என்பது ஆளுயர வயலின் மாதிரி இருக்கும், விரலால் மீட்டுவார்கள். கீழே அது நடந்துகொண்டே இருந்தால்தான் மேலே பியானோவுக்குத் தைரியம்.

மாலை ஏழு மணி. நல்ல மழை. பயிற்சி அறையில் தனியாக உட்கார்ந்து வாசித்தேன். மறுபடி மறுபடி ஒரே இடத்தில் தப்பு. அப்போது...

டும்... டும்... டும்... டும்.

அடுத்த அறையில் பேஸ். யாரோ ஜூனியர் போல, என்னைக் கேட்டு என்னோடு சேர்ந்து வாசிக்கிறான். அப்பாடா என்றிருந்தது. நான் வேகம் கூட்டினால் அவனும் கூட்டினான். தடுமாறின இடத்தில் எனக்காகக் காத்திருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக நான் வாசித்ததே இல்லை.

7.40. கரண்ட் போனது.

பேஸ் நிற்கவில்லை. நானும் இருட்டில் தொடர்ந்தேன். நான் தனியாக வாசிக்கிற சுற்று முடிந்தது. ஜாஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் மெட்டுக்குத் திரும்பி முடித்துக்கொள்ளலாம் என்றால் உச்சந்தலையில் தட்டிக் காட்டுவோம். பழக்க தோஷம், தட்டிவிட்டேன்.

பேஸ் உடனே மெட்டுக்குத் திரும்பியது.

நடுவில் சுவர். கும்மிருட்டு. என்னை எப்படிப் பார்த்தான்?

"கோன் ஹை? யாரது?" என்றேன்.

பேஸ் நின்றது.

பிறகு, என் முதுகுக்குப் பின்னால்... ஒரு சாண் தூரத்தில்...

டும்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்களில் ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்க ஒரு சுற்று விட வேண்டும். நான் அவனுக்கு விடவில்லை, தலையில் தட்டிவிட்டேன். பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடாமல் இலையை எடுத்த மாதிரி.

காலை பதினோரு மணி. மேடையில் தனியாக வாசித்தேன். என் சுற்று முடிந்தது. இனி மெட்டுக்குத் திரும்ப வேண்டும்.

விரல் நகரவில்லை.

யாரோ இரண்டு மணிக்கட்டையும் பிடித்தது போல... சில்லென்று.

ஒரு முழுச் சுற்று. பொட்டுச் சத்தம் இல்லை. தொலைந்தேன், பி.காம்தான் என்று நினைத்தேன். எதிரே தேர்வு நடத்துகிற மூன்று பேர்.

தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

தாளத்தோடு.

பிறகு... கை தட்டினார்கள்.

பிடி விட்டது. எப்படியோ மெட்டை வாசித்து முடித்தேன்.

மூவரில் ஒருவர் எங்கள் பேராசிரியர் சேவியர் சார், இங்கே புனே கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் பின்னாலேயே வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீ தேறிட்டம்மா. உன் வாசிப்புக்கு இல்ல. கடைசியில வந்துச்சே பேஸ், அதக் கேட்டுத்தான் அவங்க ரெண்டு பேரும் மார்க் போட்டாங்க. திரைக்குப் பின்னாடி யார நிக்க வெச்ச?"

"யாரும் இல்ல சார். எனக்கு எதுவும் கேக்கவே இல்ல."

மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க மும்பைக்காரங்க, தெரியாது. எனக்குத் தெரியும். அது மாதவோட கை, என்கிட்ட பேஸ் படிச்ச பையன். ரெண்டு வருஷம் முன்னாடி, இதே எக்ஸாம், இதே மேடை. அவன் சுத்து வந்துச்சு. பேஸைக் கட்டிப் பிடிச்சபடியே சரிஞ்சான். ஒரு நோட்டுகூட வாசிக்கலம்மா... அதுக்குள்ள உசுரு போயிடுச்சு."