நாலாக் கரையில் மூன்று கம்பங்கள்

கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்தபோது கோயம்புத்தூரிலிருந்து நான் கொண்டுவந்தவை இரண்டு: கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள், அப்புறம் குசும்பு. குழந்தையிலேயே போலியோவில் கால்கள் போய்விட்டதால் முதலாவது தேவைப்பட்டது. இரண்டாவது கூடவே பிறந்தது.

ஊரே ஜாவா படித்துக்கொண்டிருந்த காலம். குஷாய்குடாவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். வீடு சைனிக்புரியில். மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே என் வண்டி செல்லாது. அதனால் வீட்டுக்காரர் பேகம்பேட் ஆபீசுக்குக் கிளம்பும் முன் ஸ்கூட்டரில் என்னை இறக்கிவிடுவார். சென்டரின் ஷட்டரே திறந்திருக்காது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அவர் வரும்வரை வாட்ச்மேன் பக்கத்தில் பார்சல் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

பிறகுதான் நாலாக் கரையில் சைக்கிளுக்கென்று சிமென்ட் பாதை போட்டார்கள். நாலா என்றால் இந்த ஊரில் மழைத்தண்ணீர்க் கால்வாய். ஒரு காலையில் நானே ஓட்டிக்கொண்டு சென்டர் போய்ச் சேர்ந்தேன். அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று யாராவது கேட்டால் தெரியாது, அவ்வளவு சந்தோஷம்.

அது பொறுக்குமா? பாதையில் பைக் ஓட்டுகிறார்கள் என்று எங்கள் காலனிச் சங்கம் குறுக்கே மூன்று இரும்புக் கம்பங்களை நட்டது. சங்கத்துச் செயலாளர் வேலூர்ப் பக்கத்துக்காரர், ரிட்டயரான மேஜர். காலனியே முன்னாள் ராணுவத்தார்தான். லட்டு கொடுத்து, தன் சைக்கிளை இடைவெளியில் ஓட்டிக் காட்டித் திறந்துவைத்தார். அடுத்ததாக நான் போனேன். வண்டி கம்பங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது.

"நடுக் கம்பத்தை எடுத்துட்டாப் போகுமுங்க" என்றேன்.

"நக்கோம்மா, நக்கோ, அதெல்லாம் வேணாம். பைக்குக்காரன் பூந்துடுவான். நாங்க இத்தினி பேர் இருக்கறோம் இல்ல?" என்றார்.

ஏக், தோ, தீன் என்று ஒரு குரல். நான்கு பெரியவர்கள் என்னை வண்டியோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். வேறு காலனியாக இருந்தால் இத்துடன் மறந்திருப்பார்கள். இவர்கள் ராணுவம். மறுநாளே என்னைத் தூக்குவதற்கு ஆள் மாற்றி ஆள் டியூட்டி போட்டுவிட்டார்கள். காலையில் எட்டரைக்கு ஒரு கோஷ்டி, சாயங்காலம் ஆறுக்கு ஒரு கோஷ்டி. ஆறைத் தாண்டினால் ஆள் இல்லை. பைக்குகளோ கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பி, முன்போலவே பறந்துகொண்டிருந்தன.

சென்டர் பிள்ளைகள் பரீட்சைக்கு முன் கூடுதலாக ஒரு மணிநேரம் கேட்டார்கள். "ஆறு மணிக்குள்ள என்னைத் தூக்கி வெக்கணும்" என்று சொல்ல வாய் வரவில்லை. எரிச்சலாக வந்தது. வாட்ச்மேனிடமிருந்து தப்பித்து ராணுவத்திடம் மாட்டிக்கொண்டேன் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்பத்தருகே போனேன். மேஜரும் நண்பர்களும் நடைப்பயிற்சி முடித்து உட்கார்ந்திருந்தார்கள். "ஏனுங்க, கொஞ்சம் தூக்கிவிடறீங்களா? கொத்தமல்லி வாங்கணும்" என்றேன். தூக்கினார்கள். திரும்பி வந்தபோது இந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். வீட்டில் கொத்தமல்லியை வைத்துவிட்டு மறுபடி போனேன். பச்சைமிளகாய் மறந்துபோச்சுங்க என்றேன். அதற்குப் பிறகு இஞ்சி. அப்புறம் இஞ்சி சொத்தையாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன். மாட்டேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ரோஷக்காரர்கள்.

வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார். "பாவம், வயசானவங்க. விட்டுரு."

பாவமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. எலுமிச்சம்பழத்துக்குக் கிளம்பினேன்.

இந்த முறை தூக்கி வைத்ததும் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேஜர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏம்மா, இன்னும் எத்தினி வாட்டிம்மா போவ?"

"தெரியலீங்க. நீங்கெல்லாம் தோணுனப்ப வெளிய போறீங்க, தோணுனப்ப வர்றீங்க. எனக்கும் அப்பப்பத் தோணுதுங்க."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது சிரிப்பு போய்விட்டிருந்தது. மேஜர் என்னைப் பார்க்கவில்லை, கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நடுக் கம்பம் இல்லை. தரையோடு அறுத்திருந்தார்கள், கால் தடுக்காமல் இருக்கச் சிமென்ட்டும் பூசியிருந்தார்கள். டியூட்டிக்கும் யாரும் வரவில்லை.

அன்று பிள்ளைகளுக்குக் கூடுதலாக வகுப்பெடுத்துவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தினேன். வேலை ஒன்றுமில்லை, சும்மாதான். நாலா குடலைப் புரட்டும்படி நாறியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போகலாம் என்று எனக்கே தோன்றும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.