இல்லாத கம்பனியின் முதலாளி

என் அப்பா பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கேபிள் டிவி நடத்தியவர். சென்ற மாசியில் இறந்துபோனார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரை நேர்மையான மனிதர் என்றார்கள். அது பாதிதான் சரி. மற்றப் பாதியை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

அவரது நிறுவனம் பஞ்சவர்ணம் கேபிள். தண்டவாளத்துக்குக் கிழக்கே அவருடைய கம்பி. மேற்கே அருள்நேசன் அங்கிளின் ஒலிவ் விஷன். தண்டவாளத்தை ஒட்டிய ஒழுங்கைகளில் இரண்டு கம்பியும் ஓடும். சண்டை அங்கேதான். அங்கிள் தேர்த்திருவிழாவுக்கு இரண்டு கமெரா வைத்தால், அப்பா மூன்றாவதைத் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏற்றுவார். அப்பா பாடசாலைக் கிரிக்கெட்டை நேரடியாகக் காட்டினால், அங்கிள் அடுத்த ஆட்டத்தை வர்ணனையோடு காட்டுவார். எங்கள் வீட்டு டிவியில் எந்நேரமும் ஓடியது ஒலிவ் விஷன்.

"உவன் நேசன் மைக்கைக் கிணத்துக்கை இறக்கிப்போட்டே பாட்டு எடுக்கிறான்?" என்பார் அப்பா. ஆனால் தேவாலயத்து நத்தார்ப் பாடல்கள் முடியும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

பிறகு கொழும்புக் கம்பனி ஒன்று இருவரையும் வாங்கியது. "மற்றவர் கையெழுத்து வைத்துவிட்டார்" என்று இருவரிடமும் தனித்தனியே சொன்னார்கள். இருவரும் நம்பினார்கள். சைக்கிளில் தண்டவாளத்தைக் கடந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மானம் விடவில்லை.

அதன்பின் இருவருக்கும் ஒரே நிறச் சட்டை, ஒரே மேசை, சம்பளம். சானல்கள் கூடின. எதைத் திருப்பினாலும் மொழிமாற்றுத் தொடர் ஒன்றில் யாரோ ஒரு மாமியார் பாலில் நஞ்சு கலந்துகொண்டிருந்தார். இருவரும் தனித்தனியே நடத்திய ஒரு மணித்தியால உள்ளூர் நிகழ்ச்சி ஒன்றாகி, பிறகு அரைமணியானது. அதில் வாசிக்கும் மரண அறிவித்தல்களைக் கொழும்பில் நேரத்துக்கு அளவாக வெட்டினார்கள். வெட்டியது மருமக்களின் பெயர்களை.

ஒருவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"மாமியின்ரை செத்தவீட்டுக்குக் கனடாவிலையிருந்து வந்தனான். டிவியைப் பாத்தா நான் அந்தக் குடும்பத்திலையே இல்லை!"

"இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ," என்றார் அப்பா. "எங்களையும்தான் வெட்டிப்போட்டாங்கள்."

கொஞ்ச நாளில் பிராந்திய முகாமையாளர் டினேஸ் கொழும்பிலிருந்து தொலைபேசினார். வருகிற மாதத்தோடு அந்த அரைமணியும் இல்லை.

"சனம் கோவிக்குமே," என்றார் அப்பா.

"கோவிச்சுக்கிட்டு எங்க போவாங்க ஐயா?"

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அந்த நிகழ்ச்சி போனால் அவருக்கு மிஞ்சுவது சட்டை மட்டும். நான் வெளியூரில் தொலைத்தொடர்புப் பொறியியலாளர். மாற்றுப் பாதை இல்லாத இணைப்பு கவனிப்பாரற்றுப் போகும், சனமும் அப்படித்தான் என்று போனில் அவருக்கு விளக்கினேன்.

"அப்ப, ஒரு மாற்றுப் பாதை வேணும் எண்டுறாய்," என்றார். வெறும் பேச்சு என்று நினைத்தேன்.

விடுமுறையில் வந்தபோது ஒழுங்கையில் புதுக் கறுப்புக் கம்பி தொங்கியது. கம்பத்துக்குக் கம்பம் நீல ரிபன். பட்டப்பகலில், ஏணி வைத்து, மஞ்சள் மேலங்கி போட்டு, அப்பாவும் அங்கிளும் கட்டியது. கம்பனிச் சட்டைக்கு மேல் மேலங்கி போட்டவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் கம்பியோடு நடந்து பார்த்தேன். ஒரு கம்பத்தில் தொடங்கி இன்னொரு கம்பத்தில் முடிந்தது. இரு முனையிலும் டேப்.

"அப்பா, இது ஒண்டிலும் கொழுவேல்லையே. சிக்னல் எங்கை போகுது?"

"கொழும்புக்கு, பிள்ளை."

பக்கத்து வீட்டு ஞானாம்பிகை அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பஞ்சண்ணை, ஆரின்ரை கேபிள் இது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றார் அப்பா.

அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் பிறப்பிடம் தெரியாத ஒன்றை யாரும் நம்பமாட்டார்கள். அதனால் ஊரே பிறப்பிடம் கொடுத்தது. பின்னேரத்துக்குள் புதுக் கம்பனிக்குக் கனடாவில் ஒரு முதலாளி. மறுநாள் அவர் கரவெட்டியில் பிறந்து நல்லூரில் கலியாணம் முடித்திருந்தார். வார முடிவில் அவரது கலியாணத்துக்குப் போனவர்களே இருந்தார்கள். ஞானாம்பிகை அன்ரி தன் இணைப்பை வெட்டச் சொன்னார்.

"புது ஆக்கள் வரட்டும். அவையள் மருமக்களையும் வாசிப்பினமாம்."

டினேஸ் ரயிலில் வந்திறங்கினார். ரிபன்களை அண்ணாந்து பார்த்தபடி ஒழுங்கை முழுக்க நடந்தார். அப்பாவும் அங்கிளும் ஒரே சட்டையில் பின்னால் போனார்கள்.

"யாரு ஐயா இவங்க?"

"கரவெட்டி ஆளாம்," என்றார் அங்கிள்.

"பெரிய இடத்திலை சம்பந்தமாம்," என்றார் அப்பா.

அடுத்த கிழமை தலைமையகம் கடிதம் அனுப்பியது. உள்ளூர் நிகழ்ச்சி நிற்காது. முழு மணித்தியாலம், கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. அறிவித்தல்கள் இனி கொக்குவிலிலேயே தயாராகும். புதுக் கமெராக்களும் வரும்.

"நல்லதை நான் எடுக்கிறன். நேசனுக்கு மற்றது காணும்," என்றார் அப்பா. இருவரும் அன்றைக்கே பழையபடி ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனால் மறுபடி கதைக்க வேண்டி வந்தது. கொழும்பு அந்தப் புதுக் கம்பனியையும் வாங்க விரும்பியது. அப்பா தூது போக முடியுமா என்று டினேஸ் கேட்டார்.

அங்கிள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "வித்துப்போடுவமே, பஞ்சண்ணை?"

"வித்தா அதோடை எல்லாம் போச்சு. இல்லாத கம்பனி ஒண்டுதான் எங்களைக் காப்பாத்துது."

அப்பா சில நாள் ஆறப்போட்டுப் பதில் அனுப்பினார்: விக்கமாட்டினமாம். கொழும்பு பயந்து கிரிக்கெட்டுக்கு வாகனம் தந்தது. மறுபடி கேட்டது. மறுபடி மாட்டினமாம். அந்த முறை நாடகப் போட்டி நடத்தப் பணம் கிடைத்தது. ஒவ்வொரு மறுப்புக்கும் நிகழ்ச்சி மெருகேறியது. நான் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு சுற்று இல்லை.

மாசியில் அப்பாவுக்கு நெஞ்சு நோ. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அறிவித்தலை இரண்டு பக்கத்துக்கும் அங்கிளே வாசித்தார். நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

செத்தவீட்டுக்கு டினேஸ் வந்தார். வெள்ளைச் சட்டை. கொஞ்சநேரம் இருந்துவிட்டு என்னைப் பந்தலின் ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், மன்னிச்சுக்குங்க. அந்த நீல ரிபன் கம்பனி ஐயாவோடதுதானே? எங்களுக்கு முதல்லயிருந்தே சந்தேகம். இப்ப உங்க பேர்லயா?"

இல்லை என்று சொன்னால் கம்பனி இல்லை. கம்பனி இல்லையென்றால் அடுத்த மாதம் மணித்தியாலம் இல்லை. அங்கிள் கதிரையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் வீங்கியிருந்தது.

"செத்தவீட்டிலை நிண்டு வியாபாரம் கதைக்கிறதே?" என்றேன். "முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியட்டும். எண்டாலும் ஒண்டு சொல்லுறன். எங்களுக்கு விக்கிற எண்ணம் இல்லை."

டினேஸ் தலை குனிந்து விடைபெற்றார்.

அங்கிள் எழுந்து வந்தார். "என்னவாம் பிள்ளை?"

"விலை கேக்கினம், அங்கிள்."

அவர் முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஞானாம்பிகை அன்ரி ஓடிவந்து முதுகைத் தடவினார். கைலேஞ்சிக்குள்ளிருந்து அவர் என்னைக் கேட்டார்:

"கிழக்குப் பக்கம் இனி ஆர் செய்யிறது? எனக்குப் போட்டிக்கு ஒரு ஆள் வேணும்."