மீன் தொட்டிக்காக நான் கழற்றிய சுவிட்ச்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. இடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டின் பின்பக்கம்.

நான் ஒரகடத்தில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். என் மனைவி ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தாள். லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே அரிசிக் குருணை மாதிரி இருக்கும் சாமான்களை இடுக்கியால் எடுத்துப் பொருத்துகிற வேலை. மாடியில் இருந்த அறையைத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த மூன்று பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம்.

மீன் வளர்க்கும் ஆசை எனக்குத்தான் வந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு ஆரம்பித்தேன். கீழே ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் ஜிலேபி மீன். அதற்கு மேலே இரும்பு ஸ்டாண்டில் ஜல்லி நிரப்பிய அகலமான தட்டுகள். தொட்டிக்குள் கிடக்கும் மோட்டார் மீன் கழிவு கலந்த தண்ணீரை மேலே ஏற்றும். ஜல்லியில் நட்ட புதினாவும் கீரையும் தக்காளியும் அந்தச் சத்தை எடுத்துக்கொள்ள, தண்ணீர் தெளிந்து மறுபடி தொட்டிக்கே இறங்கும். மண் இல்லை, உரம் இல்லை. கூட வேலை பார்ப்பவர்களைக் கூட்டி வந்து காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மாடிப் பெண்கள் புதினா பறித்துவிடுவார்களோ என்று அவர்களிடம், "பின்னாடி பக்கம் யாரும் வரக்கூடாது" என்று கறாராகச் சொல்லியும் வைத்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மழைக்காலத்தில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. வீட்டின் மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் ஒன்று வைத்திருந்தேன். எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும், உயிரைக் காப்பாற்றுகிற சாமான். அது அடிக்கடி விழ ஆரம்பித்தது. விழுந்தால் மோட்டார் நிற்கும், மீனுக்கு மூச்சு முட்டும். நாங்கள் இரண்டு பேரும் ஷிஃப்டில் இருந்த ஒருநாள் விழுந்து, சாயங்காலம் வந்து பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஈரத்தினால் விழுகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக இணைத்தேன். மோட்டார் நிற்கவே இல்லை. மீன்களும் நன்றாக வளர்ந்தன.

இதே காரியத்தைத் தொழிற்சாலையில் ஒருவன் செய்தால் அன்றைக்கே வெளியே அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுப்பவன் நான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு கரண்ட் பற்றிப் பாடம் எடுப்பதும் நான்தான்.

ஈஸ்டர் வாரத்தில் மனைவி ஒருநாள் சொன்னாள். "இன்னாங்க, அந்தத் தொட்டித் தண்ணில கை வெச்சா சுரீர்னு கடிக்குது."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஜிலேபி முதுகுல முள்ளு கீதில்ல, அது குத்தியிருக்கும்" என்றேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் அறுவடை. மதியம் அவள் அண்ணன் குடும்பம் சாப்பிட வருவதாக இருந்தது. மீன் வயிறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று முந்தின நாளே தீவனத்தை நிறுத்தியிருந்தோம். காலையில் பாதித் தண்ணீரை இறைத்தேன். சர்ச்சில் பூஜை முடிந்து வந்து பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் வண்டியைக் கழுவப் போனேன். நான் வருவதற்குள் நாலு மீனைப் பிடித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அலுமினிய அன்னக்கூடை கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அவள் வலது கை இரும்பு ஸ்டாண்டைப் பிடித்திருந்தது. இடது கை முழங்கை வரை தண்ணீருக்குள். உடம்பு விறைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

இருபது வருடம் கரண்டோடு வேலை செய்தவன், வெறுங்காலோடு ஈரத்தரையில் அவளைப் பிடிக்க ஓடினேன்.

"அண்ணே, தொடாதீய! தொடாதீய!"

மாடிப்படியிலிருந்து அலறல். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த மாடிப் பெண்களில் ஒருத்தி. எனக்குக் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. மனைவியின் தோளைத் தொட்டேன். யாரோ மண்வெட்டியால் அடித்த மாதிரி தூக்கி எறியப்பட்டு சுவரில் மோதி விழுந்தேன். எழுவதற்குள் அந்தப் பெண் படிக்குக் கீழே இருந்த மெயினை அணைத்திருந்தாள். மனைவி ஸ்டாண்டிலிருந்து கழன்று, துணி நழுவுவது போலத் தரையில் சரிந்தாள்.

மூச்சு இல்லை. உதடு நீலமாகிவிட்டது.

இதற்கும் எனக்குப் பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு. ஆனால் கையும் காலும் வரவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்த மட்டும்தான் முடிந்தது. அந்தப் பெண் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் கோத்து மனைவியின் நெஞ்சில் வைத்து அமுக்க ஆரம்பித்தாள். வாயோரம் பற்பசை நுரை அப்படியே இருந்தது.

"எண்ணுங்கண்ணே! சத்தமா எண்ணுங்க!"

எண்ணினேன். முப்பது வந்ததும் அவள் குனிந்து வாயில் வாய் வைத்து ஊதினாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி எண்ணினேன். எத்தனை முப்பது என்று தெரியாது. ஒரு தடவை பதினேழு வந்ததும் மனைவி விக்கினாள். தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு. பிறகு இருமல். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. அந்தப் பெண்தான் என் கையைப் பிடித்து, "போதும்ண்ணே, அக்காவுக்கு மூச்சு வந்துட்டு" என்றாள்.

பக்கத்து வீட்டு லோடு வண்டியில் தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்தப் பெண் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்ல மதியத்துக்கு மேல் ஆனது. இரும்பைப் பிடித்திருந்த வலது உள்ளங்கை வெந்து குழிந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்போல வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"வீட்ல ட்ரிப் சுவிட்ச் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார், பழைய வயரிங்" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது பொய். என் பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மோட்டார் நின்றதில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. ஆனால் தொட்டியில் நாற்றம் இல்லை, தண்ணீரும் இல்லை. மாடிப் பெண்கள் செத்த மீன்களை அள்ளிக் காம்பவுண்டு ஓரம் குழி வெட்டிப் புதைத்து, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அக்கா வந்து பார்த்தால் தாங்காது என்றார்கள்.

அன்று அந்தப் பெண்ணிடம் நன்றி சொல்ல மாடிப்படி ஏறினேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "உனக்கு இதெல்லாம் எப்டிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"கம்பெனி ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தாவ, அதான்" என்றாள். பிறகு, "மெயினை அணைக்கும்போது பார்த்தேன் அண்ணே. சுவிட்ச் இருக்க வேண்டிய இடம் காலியா இருந்துச்சு. நான் அக்காட்ட சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லிருங்க" என்றாள்.

சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் மனைவி கம்பெனிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். இடுக்கி விரலில் நிற்கவில்லை. பெட்டி அடுக்கும் வேலை கொடுத்தார்கள். கை தாங்கவில்லை, வேலையை விட்டு நின்றுவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மோட்டார் டூப்ளிகேட், ஏமாத்திட்டானுங்க" என்று நான் சொன்ன கதையை அவளும் நம்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என் எதிரிலேயே அவள் அண்ணனிடம் அதைச் சொன்னாள். அவர் போனதும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். சுவிட்ச் விழுந்தது, மீன் செத்தது, நான் கழற்றியது, டாக்டரிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை. "மீனு செத்துடும்னு பயந்தீங்க. நான் வந்து தண்ணி கடிக்குதுன்னு சொன்னப்போ எனக்காகப் பயப்படத் தோணலியா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சில மாதங்களில் அந்தப் பெண் ஒப்பந்த வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட நாங்கள் இருவரும் போனோம். மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

இப்போது தினமும் காலையில் மனைவியின் ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிவிடுவது நான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, அன்றைய சமையலைப் பற்றிப் பேசியபடி சாதாரணமாக நிற்பாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை வாய்விட்டுக் கேட்கும் துணிவு எனக்கு இந்த மூன்று வருடங்களில் ஒருநாளும் வந்ததில்லை.