கப்பலை நிறுத்திய கேள்வி

கடற்கொள்ளையைத் தடுப்பது பற்றிச் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து நிறையக் குறிப்புகள் எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்து எந்தக் கொள்ளையனும் திருந்தியதாகத் தகவல் இல்லை. கப்பல் காப்பீட்டு அதிகாரியாக ஓய்வு பெற்று, சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்த பிறகுதான் அந்த ஞானம் ஒருமுறை பயன்பட்டது.

சோமாலியாவை ஒட்டிய கடலில் சரக்குக் கப்பல்கள் அடிக்கடி பிடிபட்ட காலம். எதிர்வீட்டு நெசவாளியின் மகன் அந்த வழியாகப் போகும் சரக்குக் கப்பலொன்றில் அதிகாரி. ஒரு காலை, தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த அவர் கைப்பேசியோடு ஓடிவந்தார்.

"சார், பையன் பேசறான். இன்னான்னு நீங்களே கேளுங்க."

கப்பல் ஓமான் துறைமுகத்தில் நின்றது. அடுத்தது ஏடன் வளைகுடா. போர்க்கப்பல் துணையோடு பல கப்பல்கள் சேர்ந்து போகும் அணிக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். எரிபொருளும் வாடகையும் வீண், தனியாகவே போங்கள் என்று கப்பல் முதலாளி உத்தரவு. கொள்ளையர் ஏறாதபடி கப்பலைச் சுற்றிக் கட்ட முள்கம்பி வாங்கவும் அவருக்கு மனமில்லை. கேப்டனும் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

நெசவாளிக்கு ஆத்திரம். "தெருவுல பாவு நீட்டிக்கினு இருந்தா லாரிக்காரனே நின்னு போறான். இந்தாளுக்கு ஒரு நாள் நிக்க வலிக்குதா?"

மாலுமிகளின் உயிரைச் சொல்லி முதலாளியை இளக்கியவர் யாரையும் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. மகனிடம் சொன்னேன்: "முதலாளிக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பும்படி கேப்டனிடம் சொல்லுப்பா. அணியில் சேராமல் தனியாகப் போவதற்குக் காப்பீட்டு நிறுவனம் சம்மதித்துவிட்டதா?"

"அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதான். பயமாக இருக்கிறது என்று எழுதினால் முதலாளி தைரியம் சொல்லிப் பதில் போடுவார். சம்மதம் இல்லாமல் போய்ப் பிடிபட்டால் காப்பீடு கைவிரித்துவிடும். கப்பல், சரக்கு எல்லாம் அவர் தலையில். அது அவருக்கே தெரியும்."

அன்று மாலையே பதில் வந்துவிட்டது. காத்திருங்கள், அணியோடு போங்கள், முள்கம்பியும் வாங்குங்கள். ஊழியர் பாதுகாப்பே தமது முதல் கவலை என்று கடைசியில் ஒரு வரி வேறு. கைப்பேசியில் மகனை அந்த வரியை இரண்டு முறை படித்துக்காட்டச் சொல்லி ரசித்தேன்.

அந்த வாரக் கடைசியில், நீட்டிய பாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே நெசவாளி கத்தினார்.

"தாண்டிட்டாங்க சார்! பின்னாடி வந்த படகுங்க போர்க்கப்பல பாத்துட்டு அப்படியே திரும்பிடுச்சாம்!"

தெருமுனையில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"இன்னாபா அவசரம்? சார் சொல்லிக் கப்பலே நின்னுச்சு. உன் லாரி நிக்காதா?"

டிரைவர் எஞ்சினை அணைத்தார்.