துறைமுகத்தைப் பார்த்த சுவர்

ஓலைத்தொடுவாயில் கருவாடு காயவைக்கும் வாடி வேலையை விட்டுவிட்டுத் தலைமன்னார்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஆனால் அன்று போக வேண்டிய இடம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறுபவர்களின் கடிதங்களுக்கு முத்திரை குத்திய பழைய அரசாங்கக் கந்தோரைப் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள். அந்தத் திருத்த வேலையில் சாந்து குழைத்தவன் நான். துறைமுகத்தைப் பார்த்த சுவரில் உப்புப் பூத்துவிட்டது, பழி அதைப் பூசிய கொத்தனார் மேசன் அண்ணையின் தலையில் விழுந்தது, இப்போது மன்னார்த் தீவில் ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. இதெல்லாம் வாடியில் காதில் விழுந்த கதை.

அவரும் என்னைப் போலத் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவர். பீப்பாய்க்குப் பீப்பாய் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் சுண்ணாம்பில் ஊற்ற விடுவார். கடலோரக் கிணறெல்லாம் உவர். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வர வேண்டும். ஒருநாள் தகப்பனாரின் ஆண்டுப் பூசைக்கு அவர் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். பவுசர் வரவில்லை. சும்மா இருக்கப் பொறுக்காமல் பின்கிணற்றில் அள்ளிக் குழைத்தேன். திரும்பி வந்தவர், "நாக்கில வைச்சுப் பாத்தனியோ?" என்றார். "ஓம் அண்ணை" என்று பொய் சொன்னேன். கரண்டியை எடுத்துப் பூசத் தொடங்கினார். சுவர் காயும் முன்னமே நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

கந்தோரில் சனம் யன்னலால் துறைமுகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. யன்னலுக்குக் கீழே, அன்று பூசிய அளவுக்கு மட்டும், சுவர் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது.

"மேசன் செய்த வேலை. நக்கிப் பாத்தும் உப்புத் தண்ணியில குழைச்சுப் பூசினவர்," என்று காவலாளி சிரித்தார்.

"குழைச்சது நான். அவர் நக்கேல்லை. என்னை நம்பினவர்."

திருத்த வேலையை மேற்பார்த்த ஓவர்சியரிடம் கூட்டிப் போனார்கள். அவர் கத்தவில்லை. "எழுதித் தருவீரோ?" என்று மட்டும் கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. நாலு வரி எழுத அரை மணித்தியாலம் போனது. கீழே பெயர் வைத்தேன்.

பின்னேரம் மேசன் அண்ணையின் வீட்டு வாசலில் நின்று, எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அந்தச் சுவரை நான் இனித் தொடமாட்டன்," என்றார். "கடிதத்தில போட்டோக் கொப்பி ஒண்டு எடுத்துத் தா. கோயில் சாமியார் தான் இருக்க மிசன் வீடு கட்டப் போறார். அவருக்குக் காட்ட வேணும்." இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓவர்சியரிடம் கொப்பி எடுத்து, அதை அவர் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பக் கந்தோருக்குப் போனேன். பூச்சை உடைக்க ஆள் தேவைப்பட்டது. ஓவர்சியர் சுத்தியலும் உளியும் தந்தார். யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து கொத்தத் தொடங்கினேன்.