குலுக்காத பை

முதுநகரில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியோடு வரும் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் தொளதொளவென்று ஒரு பச்சைக் கோட்டு. எந்த வீட்டுப் பையையும் பிரிப்பதற்கு முன் காதருகே வைத்து ஒருமுறை குலுக்குவார். உடைந்த கண்ணாடி இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். என் பையை மட்டும் குலுக்கமாட்டார். மக்குவதையும் மக்காததையும் பிரித்து வைப்பவன் நான். எரிப்பதா, புதைப்பதா, உரமாக்குவதா, எது மண்ணுக்கு நல்லது என்று சிதம்பரத்தில் கல்லூரிப் பிள்ளைகளிடம் மணிக்கணக்கில் பேசுகிறவன்.

ஒரு நாள் அவர் கட்டைவிரலில் கட்டோடு வந்தார்.

“உரக்கெடங்குல காய்கறித் தோலைக் கெளறும்போது சர்க்கரை ஊசி குத்திடுச்சு சார். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தேன். எந்த வூட்டுதுன்னு தெரியல. நீங்க படிச்சவரு, தெருவுல எல்லார்கிட்டயும் கொஞ்சம் சொல்லுங்க.”

முந்தின நாள் காலை அவசரத்தில் என் இன்சுலின் ஊசியை எந்தக் கூடையில் போட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

“சொல்றேம்மா,” என்றேன்.

இப்போது ஊசிகளைத் தனி டப்பாவில் போட்டு மூடிவைக்கிறேன். அவர் இன்றும் எல்லார் வீட்டுப் பையையும் காதருகே வைத்துக் குலுக்குகிறார், என்னுடையதைத் தவிர.