பாங்கொக்கில் தம்பி சிரித்த படங்கள்

பாங்கொக்குக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் மொன்றியலில் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கோயில்கள் பார்த்தீர்களா, சந்தைக்குப் போனீர்களா, பொழுதுபட்டால் தெருவெல்லாம் ஒரே வெளிச்சமும் பாட்டுமாமே. எல்லாம் பார்த்தேன், ஒன்றையும் விடவில்லை. ஆனால் நான் போனது என் தம்பியைப் பார்க்க.

தம்பி ஊரை விட்டு ஓடிப் பாங்கொக்கில் இறங்கியவன். விசா எப்போதோ முடிந்துவிட்டது. அவனை அகதி என்று ஏற்றுக்கொண்ட கடிதம் ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டுப் பொலிசுக்கு அது வெறும் தாள். பிடித்தால் தடுப்பு முகாம்தான். அதனால் நகரத்தின் ஓரத்தில் யன்னல் இல்லாத ஓர் அறையில் இன்னும் சிலரோடு படுத்து எழும்புகிறான். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் கோப்பை கழுவுகிறான். அவ்வளவுதான் அவனுடைய பாங்கொக்.

நான் மொன்றியலில் லாசால் பக்கம் கணவரோடும் அம்மாவோடும் இருக்கிறேன். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைப்பது என் வேலை. இங்கே ஓர் அகதியைக் கூப்பிடுவதென்றால் சிலர் சேர்ந்து அவருக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்து, குறித்த காலத்துக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கணவரோடும் என்னோடும் சேர இன்னொருவர் தேவைப்பட்டார். புவாண்ட்-கிளேரில் இருக்கும் கணவரின் அண்ணன், என் அத்தான், சம்மதித்திருந்தார். "நீர் முதல்ல போய் ஆளைப் பாத்திட்டு வாரும். வந்த கையோட கையெழுத்தை வைப்பம்" என்றார். அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

ஹோட்டல் வாசலில் தம்பியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போய், முன்பக்கத்து முடி கொட்டிப்போய் நின்றான். அழுது முடித்ததும் ஊரைக் காட்டு என்றேன். பெரிய கோயிலுக்கு எந்தப் பக்கம் போவது என்று அவன் ஹோட்டல்காரப் பெண்ணிடம் கேட்டான். இவ்வளவு காலம் அங்கே இருந்தவன் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை.

சுற்றுலா வந்தவர்களைப் பொலிஸ் மறிப்பதில்லை என்று அவனே சொன்னான். எனக்கு அது போதும். நடைபாதைக் கடையில் யானைப் படம் போட்ட தொளதொள காற்சட்டையும், ஒரு தொப்பியும், கறுப்புக் கண்ணாடியும் வாங்கி மாட்டிவிட்டேன்.

"சரியான விசரன் மாதிரி இருக்கிறன், என்னக்கா?"

"வெள்ளைக்காரர் முழுப்பேரும் இப்பிடித்தான் திரியினம். நட."

நடந்தோம். தங்கம் பூசிய கோபுரங்களுக்கு முன்னால் அவனை நிறுத்திப் படம் எடுத்தேன். ஒரு நாற்சந்தியில் நான்முகப் பிரம்மா இருந்தார். நாங்கள் பிரம்மாவுக்குக் கோயில் கட்டாத ஆட்கள். அங்கே அவருக்குக் கழுத்து மறைய மாலை, கால்மாட்டில் ஊதுபத்திப் புகை. "தலையெழுத்து எழுதினவர் இஞ்சதான் இருக்கிறார். திருத்தித் தரச் சொல்லிக் கேளக்கா" என்றான் தம்பி. பகிடிக்குத்தான் சொன்னான். நான் உண்மையாகவே கேட்டேன். நாலு முகத்தில் எட்டுக் காது, ஒன்றிலும் விழவில்லை.

சந்தையில் மாம்பழமும் தேங்காய்ப்பாலில் அவித்த சோறும் வாங்கி ஒரே தட்டில் சாப்பிட்டோம். பொழுதுபட்டதும் விளக்குகள் மினுங்கும் குடிக்கடைத் தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு பொலிஸ்காரர் எதிரே வந்தார். தம்பி என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் நோகிறது. பொலிஸ்காரர் காற்சட்டையைப் பார்த்தார், சிரித்தார், போய்விட்டார். தம்பிக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. உயிர் தப்பிய சிரிப்பு. அந்த நேரம் பார்த்து நான் படம் எடுத்தேன். எல்லாருக்கும் பிடித்தது அந்தப் படம்தான்.

அம்மா படங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். "பிள்ளை நல்லாத்தானே இருக்கிறான்" என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். பல வருடங்களுக்குப் பிறகு மாத்திரை போடாமல் நித்திரை கொண்டார். அந்த யன்னல் இல்லாத அறையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டுக்குப் போனோம். படங்கள் எங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தன. அத்தான் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஆள் சோக்காத்தான் இருக்கிறார். கோயில், சந்தை, பார். நாங்கள் இஞ்ச ஸ்னோ அள்ளிறம்."

"அத்தான், அது வேசம். பொலிசுக்குப் பயந்து நான் போட்டுவிட்ட உடுப்பு."

"படத்தில அப்பிடித் தெரியேல்லையே."

இந்த மனிசன் கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், யாரோ ஒருவனுடைய சிவப்புக் காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியவர். அந்தப் படத்தை அவருடைய தாய் ஊரெல்லாம் கொண்டு திரிந்து காட்டினாராம். அப்போது இவர் நிலக்கீழ் அறையில் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார். வெளிநாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் செய்த வேலைதான் அது. படத்தில் சிரிப்பவனை நம்பக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் உலகத்தில் யாராவது இருந்தால் அது நாங்கள்தான். நாங்களே நம்புகிறோம்.

அத்தான் போனைக் கவிழ்த்து வைத்தார். "பேந்து பாப்பம்" என்றார். எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. பேந்து, அதாவது பிறகு, என்பார்கள். தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தோம்.

அன்றே தம்பிக்கு போன் எடுத்தேன். அறையை வீடியோ எடுத்து அனுப்பு, பாய்களைக் காட்டு, பூட்டின கதவைக் காட்டு, அத்தானுக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். விண்ணப்பம் குடுக்கிற காலம் முடியப்போகிறது என்று கெஞ்சினேன்.

"அத்தானுக்குக் காட்டினா அடுத்த நாள் அம்மாட்டப் போயிடும்."

"போகட்டும்."

"அம்மா இப்பதான் நித்திரை கொள்ளுறா எண்டு நீதானே சொன்னனி."

"தம்பி, இதை விட்டா வேற வழியில்லையடா."

அவனுக்குப் பின்னால் கோப்பைகள் கழுவுகிற சத்தம் கேட்டது. "என்னால அவவுக்குக் கிடைச்ச நிம்மதி இது ஒண்டுதான். அதைக் கெடுக்காத" என்று சொல்லி போனை வைத்துவிட்டான். அதன் பிறகு எத்தனை தரம் கேட்டும் அதே பதில்தான்.

காலம் முடிந்துவிட்டது. விண்ணப்பம் போகவில்லை. நேற்றுக் காலை அம்மா யன்னலால் வெளியே கொட்டும் பனியைப் பார்த்தபடி சொன்னார்: "பிள்ளை, அவனைக் கூப்பிடுறன் எண்டு இனிக் கரைச்சல்படாத. இந்தக் குளிருக்க வந்து அவன் ஏன் சீரழிய வேணும். வடிவான ஊர், சிரிச்சுக்கொண்டு இருக்கிறான். அங்கயே இருக்கட்டும்."

"ஓம் அம்மா" என்றேன்.